"ஐ லைக் இட்லி!" - சாப்பாட்டு தட்டில் ஆரம்பிக்குது குட்டீஸ் இங்கிலீஷ்

மதுரை:
"உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று தமிழில் கேட்டால் மளமளவென்று சொல்லும் குழந்தை, அதையே இங்கிலீசில் கேட்டால் திருதிருவென்று முழிக்கும். வார்த்தை தெரியாதது மட்டும் காரணம் இல்லை. படத்தில் இருப்பது பீட்சா, பர்கர். வீட்டில் இருப்பதோ பழைய சோறு, கருவாட்டு குழம்பு. 'இதைச் சொன்னா சிரிப்பாங்களோ' என்ற பயத்திலேயே சில பிள்ளைகள் வாயை திறப்பதில்லை.

அதனால் தட்டில் விழும் சாப்பாட்டை வைத்தே சொல்லித் தருவதுதான் சுலபம். அரசு தொடக்கப்பள்ளி பிள்ளைகளுக்கான முதல்வரின் காலை உணவு திட்டம் 2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அதில் வந்த சாப்பாடு எல்லாமே பாடத்துக்கு ஏற்றதுதான்.

எப்படி சொல்லித் தருவது?

முதலில் டீச்சரே சொல்ல வேண்டும். "ஐ லைக் பொங்கல்" என்றால் கட்டை விரல் மேலே. "ஐ டோன்ட் லைக் உப்புமா" என்றால் கீழே. பிறகு "டூ யூ லைக் பொங்கல்?" என்று கேட்டால், "யெஸ், ஐ டூ" அல்லது "நோ, ஐ டோன்ட்" என்று பதில் வரும். பக்கத்தில் இருக்கும் தோழியைப் பற்றி சொல்லும்போது மட்டும் "ஷி லைக்ஸ் பொங்கல்". அங்கே ஒரு 'ஸ்' ஒட்டிக்கொள்ளும்.

"ஐ ஆம் லைக் தோசை" என்று பிள்ளை தப்பாக சொன்னால் அதட்டக்கூடாது. "ஓ, யூ லைக் தோசை?" என்று சரியாக திருப்பிச் சொன்னாலே போதும். கேட்டு கேட்டு தானாக திருந்திவிடும்.

பிடிக்கும் வேற, வேணும் வேற!

தாகத்தில் நிற்கும் பிள்ளை "ஐ லைக் வாட்டர்" என்றால், தண்ணீர் பிடிக்கும் என்றுதான் அர்த்தம். "ஐ வான்ட் வாட்டர், ப்ளீஸ்" என்றால்தான் டம்ளர் கைக்கு வரும். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது வழக்கம். "ஐ டோன்ட் லைக் எக். ஐ வான்ட் எ பனானா, ப்ளீஸ்" என்று கேட்கத் தெரிந்தால் இரண்டு பாடமும் முடிந்தது.

ஆனால் ஒன்று. குறிப்பிட்ட சாப்பாடு சாப்பிட்டால் உடம்பு அரிக்குது, வாந்தி வருது என்றால் பிள்ளை அதை தமிழிலேயே உடனே சொல்லட்டும். அங்கே இங்கிலீஷ் பாடம் வேண்டாம்.

அம்மா, அப்பாவும் கேட்கலாம்

இங்கிலீஷ் தெரியாதே என்று பெற்றோர் கூச்சப்பட தேவையில்லை. இட்லிக்கும் தோசைக்கும் வேறு பெயர் தேட வேண்டாம். இரண்டுமே ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் அதே பெயரில் இருக்கின்றன. "ஐ லைக் பழைய சோறு" என்று பிள்ளை சொன்னாலும் அது நல்ல இங்கிலீஷ்தான். யாரும் சிரிக்காமல் இருந்தால் போதும்.

"டூ யூ லைக்" என்ற மூன்று வார்த்தையோடு, அடுப்பில் இருக்கும் குழம்பின் பெயரை சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்!