குதிரைமேல் நிற்பவர் யார்?

வெண்புரவி ஒன்று. அதன் முதுகிலே ஓர் உருவம், ஒற்றைக் காலில் நின்று, கரங்களை விரித்து, முறுவல் பூக்கிறது. பழைய சர்க்கஸ் படம்! கீழே கொட்டை எழுத்திலே ஒரு பெயர். யாருடைய பெயர்? கம்பெனி முதலாளியின் பெயர்! தவறினால் கழுத்து முறியும் என்று தெரிந்தும் தாவிக் குதித்தவரின் பெயர்? அதற்கு அட்டையிலே இடமில்லை!

தோழர்களே, பெயர் இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். காரணம் கூறுகிறேன்.

1860ஆம் ஆண்டு, நியூயார்க் நகரம். எலா சோயாரா என்னும் குதிரை வீராங்கனை அரங்கேறினாள். கண்டோர் வியந்தனர். 'பெண்தானா இவள்?' என்று ஏடுகள் வாதிட்டன. உண்மை யாது? ஓமர் கிங்ஸ்லி என்ற இளைஞர் அவர்! சிறுவனாகத் தொழில் பழக வந்தவருக்குப் பெண்ணுடை பூட்டிப் பழக்கியவர் ஸ்டோக்ஸ் என்னும் சர்க்கஸ்காரர். 1879இல் பம்பாயிலே கிங்ஸ்லி மாண்டார். அட்டைப் படங்களிலே வாழ்வது சோயாரா. அடிபட்டுப் பழகியவர் கிங்ஸ்லி!

இன்னொரு வேடிக்கை, 'குடும்பம்' என்ற சொல். தொழில் பழக வந்த பிள்ளைகளுக்கு ஆசானின் குடும்பப் பெயரையே சூட்டிவிடுவது சர்க்கஸ் வழக்கம். அண்ணன் தங்கை என்று அச்சிட்டிருக்கும். பெற்ற தாய் வேறு வேறாக இருப்பார்கள்!

ஆஸ்திரேலியாவில் 1894இல் பிறந்த மே என்ற சிறுமி, வர்த் சர்க்கஸ் குடும்பத்துப் பெண்மணி தத்தெடுத்ததால் மே வர்த் ஆனார். 1912இல் அமெரிக்காவிலே, பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸிலே புகழ்க்கொடி நாட்டினார். 'வர்த் குடும்பம்' என்ற படத்திலே அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? கூந்தலிலே பெரிய நாடா முடிச்சு. அது அவர் அடையாளம். ஆனால், நாடாவை எவரும் கட்டிக்கொள்ளலாமே! ஆகவே, ஒரு சாட்சி போதாது.

படத்தின் முதுகைத் திருப்பு. படக்கடையின் முத்திரையும் ஊர்ப் பெயரும் இருக்கும். அமெரிக்கக் கம்பெனிகள் பல, எந்த நாள் எந்த ஊர், யார் யார் ஆடினர் என்று பயண ஏடு அச்சிட்டன. இரண்டையும் ஒப்பிடு. குதிரையைப் பார், நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, உடல் மறு. முதலாளி பெயர் மாற்றலாம், மறுவை மாற்ற முடியுமா? படத்திலே குதிரை பாய்கிறதா? அப்படியானால் அது பிந்திய காலத்துப் படம். பாயும் குதிரையை மைபிரிட்ஜ் காமிராவிலே தெளிவாகப் பிடித்துக் காட்டியதே 1878இல்தான். அதற்கு முந்தியவர்கள் படக்கடையிலே அசையாமல் நின்றவர்கள்.

'செத்தவர் பெயரைத் தேடி என்ன பயன்?' என்பார் சிலர். ஆதாயம் முதலாளிக்குப் போயிற்று; போகட்டும். கைதட்டல் காற்றோடு போயிற்று, போகட்டும். உழைத்தவருக்கு எஞ்சியது ஒரு பெயர். அதையுமா பறிகொடுப்பது?

தொழிற்சாலைப் படங்களும் அப்படித்தானே! நாற்காலியில் இருப்பவருக்குப் பெயர். பின்னால் நிற்பவர்கள் 'மற்றும் தொழிலாளர்கள்'. உன் சங்கத்துப் படத்தை எடு, தோழா. நிற்பவர், குந்தியிருப்பவர், ஓரத்திலே பாதி முகம் தெரிபவர், ஒருவரும் விடாமல் பின்புறம் பெயர் எழுது. இன்றே எழுது. அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுது!