மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கலாமா? – சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளிக்கூடக் கட்டடம், ஏழைக்கு டயாலிசிஸ் செலவு என்று கேட்டால், வெளிநாட்டில் சம்பாதிக்கும் கூத்தாநல்லூர் சபுராளிகள் யோசிக்காமல் கொடுப்பார்கள். மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி நடத்தப் பணம் வேண்டும் என்றால் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் உள்ள கேள்விகள் நியாயமானவை.

சந்தேகம்: ஆஸ்பத்திரியில் கட்டிலும் மருந்துமே போதவில்லை. ஆராய்ச்சி எதற்கு?

விளக்கம்: கட்டில் போதாத காலத்தில்தான் ஆராய்ச்சி அதிகம் உதவியிருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கட்டில் போட எந்த அரசாலும் முடியாது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார்கள். மறு பாதியினர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரை, ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. முடிவு 1959-ல் வெளியானது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்ற இன்றைய நடைமுறைக்கு உலகம் முழுவதற்கும் அதுவே அடித்தளம். அந்தப் பணத்தைக் கட்டில் வாங்கச் செலவழித்திருந்தால் சில நூறு பேர் படுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

சந்தேகம்: வெளிநாட்டில் கண்டுபிடிக்கட்டும், நாம் வாங்கிக்கொள்ளலாமே?

விளக்கம்: விலையைப் பாருங்கள். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா ஏ நோய்க்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சைக்கு அறிவித்த விலை, ஓர் ஆளுக்கு 29 லட்சம் டாலர். அதே நோய்க்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வேறொரு வழியில், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே மாற்றிச் செலுத்தி ஐந்து பேருக்குச் சிகிச்சை அளித்தார்கள். ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு நின்றது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் உண்டு. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பணம் தேவை.

சந்தேகம்: நம் ஆட்களை வைத்துச் சோதனை செய்துவிட்டுப் போய்விட்டால்?

விளக்கம்: இந்த அச்சத்தை நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மத்திய அரசின் 2019-ம் ஆண்டு விதிகளின்படி, புதிய மருந்துச் சோதனையை அறநெறிக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் மருத்துவம் சாராத பொதுஜனமும் பெண்ணும் கட்டாயம். நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. சோதனையை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். யார் பணம் தருகிறார்கள் என்பதையும் அங்கே எவரும் பார்க்கலாம்.

சந்தேகம்: சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பினால் சிக்கலா?

விளக்கம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். பெறும் நிறுவனத்துக்கு அதற்கான மத்திய அரசு அனுமதி இருக்க வேண்டும். ஹவாலா வழி அறவே வேண்டாம்.

நம் ஊருக்குப் பக்கத்தில் திருவாரூரில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தஞ்சாவூரில் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. வயலில் உழைப்பவரின் நோயை அங்குள்ள மருத்துவரைவிடக் கிட்டத்தில் பார்ப்பவர் யார்? ஆய்வுத் திட்டம், அறநெறிக் குழுவின் ஒப்புதல், செலவுக் கணக்கு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். காட்டினால் தாராளமாகக் கொடுங்கள். காட்ட மறுத்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.