பினாங்குக் கடலில் மூழ்கிய பாதரசம் யாருக்குச் சொந்தம்?

இரண்டாம் உலகப் போரில் பினாங்கு, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் தளமாக இருந்தது பலருக்குத் தெரியாது. 1944 ஏப்ரலில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-859 பினாங்குக்கு ரகசியமாகப் புறப்பட்டது. அடித்தளத்தில் இருந்ததோ 31 டன் பாதரசம்! குண்டுகளை வெடிக்கச் செய்யும் மருந்து தயாரிக்க உதவும் பொருள் அது.

ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல் பினாங்கை நெருங்கிய வேளையில், செப்டம்பர் 23ஆம் தேதி, பிரிட்டனின் டிரெஞ்சண்ட் நீர்மூழ்கி அதைத் தாக்கி மூழ்கடித்தது. 47 பேர் மாண்டனர். 20 பேர் உயிர் தப்பினர்.

1972இல் 12 டன் பாதரசம் மீட்கப்பட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. கடலில் கிடந்த பொருள் எடுத்தவருக்கே சொந்தமா? மேற்கு ஜெர்மனி உரிமை கோரியது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. போரில் சரணடைந்தாலும் ஜெர்மன் அரசு மறைந்துவிடவில்லை. ஆகவே அதன் சொத்தும் அதனுடையதே என்பது தீர்ப்பின் சாரம்.

ஹிட்லரின் ஆட்சி மடிந்தது, நாடு மடியவில்லை. சிந்திக்க வேண்டிய வேறுபாடு இது.