கோல்கொண்டாவில் தொடங்கிய தச்சு

மரச்சாமான் கடைகளில் ‘இயற்கை பாணி’ என்று இன்று விற்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: ஓரத்தை நேராக அறுக்காமல் விட்ட கனத்த பலகை, அதற்கு இரும்புக் கால், வெடிப்பு இருந்தால் அதில் நிறமேற்றி ஊற்றிய பிசின். இந்தப் பாணிக்கு மூலவர் என்று சொல்லப்படுபவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஜப்பானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1990இல் இறக்கும்வரை பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை நடத்தியவர். அவரை இங்கே பேசக் காரணம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துக் கண்டமங்கலத்தில் பேருந்து ஏறிக் கிழக்கே போனால் சற்று நேரத்தில் வந்துவிடும் புதுச்சேரியில்தான், கட்டடக் கலைஞராக வந்த அவர் மரச்சாமானும் செய்யத் தொடங்கினார். அவர் இயற்கையிடம் கற்றது பலகையின் வளைந்த ஓரத்தை அல்ல, இந்தப் பகுதியின் வெயிலுக்கும் காற்றுக்கும் பதில் சொல்லும் முறையை என்பது என் கட்சி.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் படிக்கச் சேர்ந்து, பிறகு கட்டடக் கலைக்கு மாறி, எம்.ஐ.டி.யில் முதுகலை முடித்தவர் அவர். டோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அரவிந்தர் ஆசிரமத்துக்காக ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணிக்காகப் புதுச்சேரிக்கு வந்தார். ஆசிரமத்திலேயே சீடராகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்று, 1939 வரை இருந்தார். அந்த விடுதியின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அங்கே வழக்கமான ஜன்னல் கிடையாது. தரையிலிருந்து கூரைவரை திருப்பி மூடும் கிடைப்பட்டைகள்தான். வெயிலும் மழையும் வெளியே நிற்கும், காற்று மட்டும் உள்ளே வரும். அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிச் செய்த நகர்த்தும் கதவுகள். கதவைச் சாத்தினாலும் காற்று ஊடே போகும், அறைக்குள் இருப்பவருக்கு மறைவும் கிடைக்கும். கூரைத் தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்றுக்கு இடைவெளி. சித்திரை வெயிலில் மொட்டைமாடி வீட்டில் படுத்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. அந்த அறைகளுக்காக அவர் செய்த தேக்குச் சாமான்களில் செதுக்கிய இலையோ கொடியோ இல்லை. நேரான சட்டங்கள், அவ்வளவுதான்.

‘கான்கிரீட் கட்டடத்தில் என்ன இயற்கை?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்தப் பட்டைகள்கூடக் கல்நார் சிமெண்டில் வார்த்தவை. ஆனால் இயற்கை என்பதைப் பொருளில் மட்டும் தேடினால் ஓலைக்கூரை ஒன்றே மிஞ்சும். எந்தத் திசையிலிருந்து வெயில், எந்தத் திசையிலிருந்து காற்று என்பதைக் கட்டடத்தின் முதல் கோடே கணக்கில் எடுத்திருக்கிறது; அது பொருளைவிட ஆழமான கீழ்ப்படிதல். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: வடிவம் ரேமண்டுடையது, மேற்பார்வையில் கட்டடக் கலைஞர் பிரான்டிசேக் சாமருக்கும் பங்குண்டு, நகாஷிமாவின் கை பழகியதோ போர்க்காலத்தில்தான். 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த மினிடோகா முகாமில், கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானியப் பொருத்து முறைகளைக் கற்றார். இதை மறுக்க முடியாது. ஆனால் ஹிகோகாவா கொடுத்தது உளி பிடிக்கும் கை. கிடைத்ததை வைத்துக்கொண்டு, செய்பவரே முழுப் பொறுப்பையும் ஏற்று, அவசரமில்லாமல் செய்வது என்ற ஒழுங்கு ஆசிரமத்து வேலையிலேயே வந்துவிட்டது. முகாமுக்கு முன்பே, அமெரிக்கா திரும்பியதும், கலிபோர்னியாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த வீடொன்றில் வேலைத்தரத்தைப் பார்த்து மனம் கசந்து, தொடக்கம் முதல் முடிவுவரை தன் கையில் இருக்கும் தொழில் வேண்டும் என்று தச்சுக்கு மாறினார். கோல்கொண்டாவைக் கட்டியவருக்கு அந்தக் கசப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவருடைய புகழ்பெற்ற ஓரமும் அழகியல் கொள்கையாகப் பிறந்ததல்ல. 1943இல் ரேமண்டின் முயற்சியால் முகாமிலிருந்து விடுபட்டு நியூ ஹோப்புக்கு வந்தபோது முதல்தரப் பலகை வாங்கக் காசில்லை. மற்றவர்கள் தள்ளிய துண்டுகள், கணு விழுந்தவை, வெடித்தவை கிடைத்தன. வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க, வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பைக் குறுக்கே இறுக்கினார். பிறகு அதே குறைகளுக்குப் பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 1973இல் நெல்சன் ராக்ஃபெல்லர் சுமார் இருநூறு சாமான்களுக்கு ஆணை கொடுத்தார். பெருமரங்களின் பலகைகளுக்குச் சந்தை உருவானதில் நகாஷிமாவின் பெயருக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டை நான் தள்ளமாட்டேன். ஒரு தள்ளுபடி மட்டும் தரலாம்: பலகையை ஆண்டுக்கணக்கில் உலரவிட்டு, எதற்கு உதவும் என்று தெரிந்த பிறகே அவர் வெட்டினார். பிசின் ஊற்றி மறுவாரமே விற்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

1964இல் அவர் மறுபடி இந்தியாவுக்கு வந்தார், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு. அங்கே அவர் வரைந்த வடிவங்களை அந்த நிறுவனத்தின் பட்டறையே செய்தது. இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாமானைக் கப்பலில் அனுப்பாமல் முறையை அனுப்பினார். அவர் மறைவுக்குப் பின் 1996இல் அவருடைய பட்டறையிலிருந்து ஆரோவில்லுக்கு வந்த ‘அமைதி மேசை’ நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அழகான பலகை. ஆனாலும் கண்டமங்கலத்துத் தச்சருக்கு அதைவிடப் பயன்படுவது கோல்கொண்டாவின் கதவுதான்: அகன்ற பலகை வேண்டாம், பழைய மரம் வேண்டாம். மெல்லிய சட்டங்களும் அவற்றுக்கிடையே சரியான இடைவெளியும் போதும். உள்ளூர் வேம்பிலும் பூவரசிலும் அதைச் செய்யலாம்.