சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!



இரவு மணி எட்டரை. வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, "அப்பாடா" என்று உட்காருகிறீர்கள். பக்கத்தில் மகள் பாடக் காணொளி ஒன்றைத் திறக்கிறாள். படம் வரவில்லை, வட்டம்தான் சுற்றுகிறது. "அப்பா, லைன் வரமாட்டேங்குது" என்கிறாள். உடனே உங்கள் மனத்தில் தோன்றுவது என்ன? "பெட்டி பழசாகிவிட்டது. புதுப் பெட்டி வாங்கினால் சரியாகிவிடும்." அப்படித்தானே?

சற்றுப் பொறுங்கள். பணப்பையைத் திறப்பதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம், சபா மாநிலத்தில் ஒரு மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த செய்தியை நாம் மறந்திருக்க முடியாது. இணையம் பணக்கார வீட்டு ஆடம்பரம் என்று சொல்லும் காலம் அன்றோடு போயிற்று. ஆனால், அவசரப்பட்டுக் கண்ட பெட்டியையும் வாங்கிக் காசைக் கரியாக்குவது மட்டும் இன்னும் போகவில்லை.

தம்பி வாங்கி வந்த பெட்டி

என் சித்தப்பா மகன் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். மூத்த மகள் ஐந்தாம் படிவம். எஸ்பிஎம் எழுத வேண்டிய பெண். ஒருநாள் பட்டணத்துப் பழைய சாமான் கடையில் "கேபிள் மோடம்" ஒன்றைப் பார்த்திருக்கிறான். சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி, வேகம் பறக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். விலை 180 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26 வேலை நாளுக்குப் பிரித்தால், ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு அது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பெட்டியின் பின்னால் திருகி மாட்டும் வாய் ஒன்று இருந்தது. கூரைமேல் இருக்கும் அஸ்ட்ரோ தட்டிலிருந்து இறங்கும் கறுப்புக் கம்பியின் முனை அதில் அச்சாகப் பொருந்தியது. பொருந்தினால் போதுமா? இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசி. "அண்ணே, பச்சை வெளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது."

எப்படி நிற்கும்? தட்டு வானத்திலிருந்து படத்தை வாங்கித் தரும்; அவ்வளவுதான். நம் வீட்டிலிருந்து எதையும் திருப்பி அனுப்பாது. இணையமோ போகவும் வரவும் இரண்டு வழி உள்ள சாலை. கேபிள் மோடம் என்பது, தெருவெல்லாம் தொலைக்காட்சிக் கம்பி புதைத்திருக்கும் ஊருக்கான பெட்டி. சிங்கப்பூரில் 1990-களின் இறுதியிலிருந்து வீடுகளுக்கு அந்தச் சேவை இருந்தது. கண்ணாடி இழைக் கம்பி எங்கும் வந்தபின், 2019-இல் அது மூடப்பட்டது. அங்கே வேலை தீர்ந்த பெட்டிதான் பாலம் கடந்து தம்பி கைக்கு வந்திருந்தது.

கேபிள் மோடம் உதவாத பொருள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் இன்றும் கோடிக்கணக்கான வீடுகளில் அதுதான். அங்கே "டாக்சிஸ்" என்ற பொது விதிமுறை 1997-இல் வந்தது, அதன் 3.1 பதிப்பு 2013-இல் வந்தது. அங்கே பெட்டி வாங்குபவர், தம் சேவை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் பெட்டிகளின் பட்டியலைப் பார்க்கிறார். தாம் கட்டும் வேகத்துக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்று பார்க்கிறார். அதன்பின்தான் வாங்குகிறார். ஊர் எதுவானாலும் நியதி ஒன்றுதான்: முதலில் வழி, பிறகு பெட்டி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

உங்கள் வீட்டுக்கு வருவது எந்த வழி?

நம் மலேசியாவில் வீட்டுக்கு இணையம் வரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, கண்ணாடி இழை. தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடியில் ஒளி ஓடி வருகிறது. 2010 மார்ச்சில் யூனிஃபை என்ற பெயரில் நம் நாட்டு வீடுகளுக்கு வந்தது. உங்கள் வரிசை வீடுகளுக்கு இது வந்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம். சுவரில் மாட்டும் ஒளிப்பெட்டியை நிறுவனமே தரும். நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியது, அதை அடுத்து வைக்கும் வைஃபை ரூட்டர் மட்டுமே.

இரண்டு, பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி. இதில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறையும். எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் அந்தத் தூரத்தைக் குறைக்காது.

மூன்று, சிம் அட்டை போடும் ரூட்டர். கோபுரத்திலிருந்து காற்று வழியாக வருகிறது. பல தோட்டங்களுக்கு இன்று கைக்கெட்டும் வழி இதுதான். இதில் ஓர் எச்சரிக்கை: நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. 3ஜி மட்டுமே தெரிந்த பழைய பெட்டியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். 4ஜி கட்டாயம் வேண்டும். 5ஜி 2021 டிசம்பரில்தான் தொடங்கியது. உங்கள் இடத்தில் அது கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே அதற்கான அதிக விலையைக் கொடுங்கள்.

நான்காவதாக, துணைக்கோள் வழி ஸ்டார்லிங்க் சேவை 2023-இல் நம் நாட்டில் அனுமதி பெற்றது. எந்தக் கோபுரமும் எட்டாத இடத்துக்கு அது உதவும். ஆனால் அதன் செலவு தோட்டத்துச் சம்பளத்துக்குப் பாரமே.

எண்களைக் கண்டு மயங்காதீர்கள்

விளம்பரத்தில் "100" என்று போட்டிருப்பது நொடிக்கு 100 மெகாபிட். கோப்பின் அளவையோ நாம் மெகாபைட்டில் பார்க்கிறோம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். இதில் ஏமாற்று இல்லை, அளவைதான் வேறு.

ரூட்டர் அட்டையில் "1200" என்று இருக்கும். அதுவும் ஒரே ஓட்டத்தின் வேகமன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் 867. இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கி எழுதியது. ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் பொதுவாக ஓர் அலையைத்தான் பிடிக்கும். அதுவும் சுவர், தூரம் என்று கழிந்தது போக மிச்சம்தான் கையில் கிடைக்கும்.

சரி, நமக்கு எவ்வளவு தேவை? தெளிவான திரைப்படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், மிக நுட்பமான 4கே படத்துக்கு 15 மெகாபிட் என்று நெட்பிளிக்ஸ் நிறுவனம் சொல்கிறது. இணைய வகுப்புக்கு அதைவிடக் குறைவே போதும். ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் பாடம் படித்து, தாத்தா தனியாகப் படம் பார்த்தாலும், தடையின்றி வரும் 30 மெகாபிட்டே தாங்கும். வேகம் பெரிதாக இருப்பதைவிட நிலையாக இருப்பதே முக்கியம்.

காசில்லாத சோதனை

புதுப் பெட்டி வாங்குமுன், நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கைப்பேசியில் வேகம் பார்க்கும் செயலி ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டிக்குப் பக்கத்தில், ஓரடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு பிள்ளை படிக்கும் அறையில் பாருங்கள். பெட்டியருகே நன்றாக இருந்து, அறையில் மட்டும் விழுந்தால் குறை வைஃபையில் இருக்கிறது. பெட்டியருகிலேயே மோசம் என்றால், மடிக்கணினி இருப்பவர்கள் அதை ரூட்டருடன் கம்பியால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் மோசமானால் குறை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் வழியில்தான். அதற்குப் புது ரூட்டர் மருந்தாகாது.

இதையே காலை, மாலை, இரவு ஒன்பது மணி என மூன்று வேளையும் மூன்று நாள் செய்து நோட்டில் எழுதுங்கள். லயத்தின் பொதுக் குழாய் நினைவிருக்கிறதா? வேலை முடிந்து எல்லோரும் குடத்தோடு வந்த நேரத்தில் நூலாக ஒழுகும், நள்ளிரவில் கொட்டும். கோபுரமும் அப்படித்தான். இரவில் மட்டும் வேகம் குறைந்தால் கூட்டம்தான் காரணம். அந்த நோட்டை வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை உண்டு. நிறுவனம் தீர்த்துவைக்கவில்லை என்றால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

பெட்டியை எங்கே வைப்பது?

நம் வீடுகளில் ரூட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைத்து வைப்பதும், அலமாரிக்குள் பூட்டி வைப்பதும், மேலே பூத்துணி போர்த்துவதும் வழக்கம். இரும்பும் தண்ணீரும் அலையைத் தின்னும். துத்தநாகத் தகடு, குளிர்சாதனப் பெட்டி, மீன் தொட்டி, நிலைக்கண்ணாடி ஆகியவற்றிலிருந்து தள்ளி, வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் திறந்தவெளியாக வையுங்கள். 2.4 அலை சுவரைத் தாண்டி நெடுந்தூரம் போகும், ஆனால் மெதுவானது. 5 அலை வேகமானது, ஆனால் சுவரில் தளர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் 5, பின்கட்டில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிம் ரூட்டராக இருந்தால் நடுவீடு வேண்டாம். கோபுரம் இருக்கும் திசையின் சன்னலோரம் வையுங்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அலைவலிமை எண் காட்டும். அது மைனஸில் இருக்கும். மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் மோசம். சன்னல் சன்னலாக மாற்றி வைத்துப் பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

இது எந்த வழிக்கான பெட்டி? என் வீட்டில் உள்ள வழிக்குப் பொருந்துமா? சிம் பெட்டியானால், எல்லா நிறுவனச் சிம்மும் ஏற்குமா, ஒன்றுக்கு மட்டும் பூட்டியிருக்கிறதா? கம்பி மாட்டும் வாய் 100 மெகாபிட்டா, 1000 மெகாபிட்டா? 300 மெகாபிட் சேவைக்கு மாதாமாதம் கட்டிவிட்டு 100 வாய் உள்ள பெட்டியை வைத்தால், மீதி இருநூறு வாசலிலேயே நின்றுவிடும். சிரிம் சான்று முத்திரை இருக்கிறதா? சரிப்படாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்? இரசீதில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாங்கி வந்ததும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் காசில் பக்கத்து வீட்டுப் பையன் விளையாடிக்கொண்டிருப்பான்.

கையெழுத்துப் போடுமுன்

இதைத் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பல சேவைகள் 24 மாத ஒப்பந்தத்தோடு வருகின்றன. இடையில் நிறுத்தினால் தண்டம். நாம் குடியிருப்பதோ தோட்டத்து வீடு. வேலை மாறினாலும் ஓய்வு பெற்றாலும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அப்பாவுக்கு இன்னும் ஓராண்டில் ஓய்வு என்றால், இரண்டாண்டு ஒப்பந்தம் யாருக்காக? இடம் மாற்றித் தருவார்களா, தண்டம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பிறகு பேனாவைத் தொடுங்கள். கம்பி இழுக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டியிருக்கும்.

சிம் வழியென்றால் இன்னோர் உபாயம். அக்கம்பக்கத்தில் வெவ்வேறு நிறுவனச் சிம் வைத்திருப்பவர்களை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் கைப்பேசியில் வேகம் பாருங்கள். நன்றாக வரும் நிறுவனத்தின் முன்கட்டணச் சிம்மை வாங்கி ஒரு மாதம் பாருங்கள். அதன்பிறகு ஒப்பந்தம் போடலாம்.

கண்ணாடி இழை பட்டணம் வரை வந்து, உங்கள் தோட்டத்து எல்லையில் நின்றிருந்தால் தனியாக முறையிடாதீர்கள். எத்தனை வீடு சேரும் என்றுதான் நிறுவனம் கணக்குப் பார்க்கும். நாற்பது வீட்டுக்காரர் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி, கையெழுத்து வாங்கி, நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். அதுவரை, அருகில் அரசாங்கத்தின் "நாடி" மையம் இருந்தால் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்.

தம்பி கதையை முடிக்கவில்லையே! மறுவாரம் நான் போயிருந்தேன். அக்கம்பக்கத்தார் கைப்பேசிகளை வாங்கி வீடு முழுக்கச் சுற்றினோம். அடுப்படிச் சன்னலில்தான் அலை நன்றாக விழுந்தது. அங்கே ஒரு பலகை அடித்து, பழைய 4ஜி ரூட்டர் ஒன்றை வைத்தோம். என் வீட்டில் சும்மா கிடந்த பெட்டிதான். சிம்முக்கு மட்டும்தான் செலவு. இரவில் 22 மெகாபிட் வந்தது. அந்தப் பெண் அடுப்படி மேசையிலேயே உட்கார்ந்து படித்தாள். அம்மா சமையலை ஏழு மணிக்கே முடித்துக்கொடுத்தாள்.

180 வெள்ளிப் பெட்டியைக் கடைக்காரர் திருப்பி வாங்கவில்லை. அது இன்னும் அலமாரிமேல் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரிக்கு அப்படி ஒன்று வர வேண்டாம். முதலில் சட்டியைப் பாருங்கள். அகப்பையைப் பிறகு வாங்கலாம்.