வடக்குப்பட்டின் மண்ணடுக்குகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடம் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர் வடக்குப்பட்டு. இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் 2022-இல் இங்கே அகழாய்வு நடத்தியபோது, அதிக ஆழம் போகாமலே கற்கருவிகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 12,000 ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டது. அதே ஊர் மண்ணில் ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் சிறு தங்க அணிகலன்களும் இருந்தன. கருவி செய்தவர்களுக்கும் சாடி வாங்கியவர்களுக்கும் இடையே பல ஆயிரம் ஆண்டுகள். மனிதர்கள் இவ்விடத்தைத் தேடி மறுபடியும் வந்திருக்கிறார்கள்.

வடக்குப்பட்டைக் கருவி செய்த களம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கல்லைக் கல்லால் தட்டிக் கூராக்கும்போது செதில்கள் சிதறும். பாதியில் உடைந்தவை அங்கேயே கிடக்கும். செதில் எடுத்து மிஞ்சிய கருக்கல்லும் கிடக்கும். வேட்டைக்குப் போனவன் கருவியைக் கொண்டுபோவான், கழிவைக் கொண்டுபோக மாட்டான். ஆகவே தொல்லியலில் குப்பைக்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்தப் பகுதிக்குக் கற்கருவிகள் புதிதல்ல. இந்தியக் கற்கால ஆய்வே அருகில் உள்ள பல்லாவரத்தில்தான் தொடங்கியது: 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை.

ஆனாலும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் மத்திய அரசு பாதுகாக்கும் தொல்லிடங்களில் பெருங்கற்கால ஈமக்காடுகளே ஏராளம். வட்டமாக நட்ட கற்கள் கண்ணில் படும். மண்சுவரும் கூரையுமாக இருந்த குடியிருப்போ தோண்டினால்தான் தெரியும். செத்தவர்களுக்குக் கிடைத்த காவல் வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பாதுகாப்புக்கு அடிப்படை 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோயிலுக்கோ கோட்டைக்கோ இந்தத் தூர அளவுகோல் பொருந்தும். அவற்றுக்குச் சுவர் உண்டு. கற்காலக் களத்துக்கு எல்லைக்கல் ஏது? வேலி போட்ட இடத்துக்கு அப்பாலும் செதில்கள் கிடக்கலாம்.

சவுடு மண் அள்ளும் இயந்திரம் இங்கே பெரிய ஆபத்து. எந்த அடுக்கில் எது கிடந்தது என்பதை வைத்தே காலம் கணிக்கிறார்கள். அடுக்கு கலைந்தால் கருவி மிஞ்சும், அதன் காலம் சொல்ல ஆதாரம் மிஞ்சாது. சட்டப் பாதுகாப்போ அறிவிக்கையில் ஏறிய இடத்துக்கு மட்டுமே. அதற்கு முதலில் அரசு தன் நோக்கத்தை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல இரண்டு மாத அவகாசம் உண்டு. அவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிப்பு வரும். மாநில அரசும் தனது 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொல்லிடங்களைப் பாதுகாக்கலாம்.