நெருங்குதலும் உருப்பெருக்கமும்: திரைக்கலைச் சொல்லாக்கத்தில் ஒரு சிக்கல்

திரைக்கலை நூல்களைத் தமிழாக்குவோர் ‘ஜூம்’, ‘டிராலி’ ஆகிய இரண்டனையும் ‘நெருங்குதல்’ என ஒரே சொல்லால் பெயர்த்துவிட வாய்ப்புண்டு. இரண்டிலும் பொருளின் உருவம் திரையில் பெரிதாவதே இதற்குக் காரணம். ஆயினும் இவை வேறுவேறு செயல்கள்.

ஜூம் செய்கையில் படக்கருவி நின்ற இடத்திலேயே நிற்கும். வில்லையின் குவியத்தூரம் மட்டும் மாறும். ஆதலின் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒரே விகிதத்தில் பெரிதாகும். டிராலியிலோ படக்கருவியே இடம்பெயரும்; அருகிலுள்ளது விரைந்தும் தொலைவிலுள்ளது மெல்லவும் பெரிதாகும்.

ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்தில், உயரத்திற்கு அஞ்சும் நாயகன் மணிக்கோபுரப் படிக்கட்டிலிருந்து கீழே நோக்குகிறான். அவனது தலைச்சுற்றலைக் காட்டப் படக்கருவி முன்னோக்கி நகர்த்தப்படுகிறது; அதே வேளையில் ஜூம் பின்னோக்கிச் செய்யப்படுகிறது. சட்டகத்தின் பரப்பு ஏறத்தாழ மாறாதிருக்க, ஆழம் மட்டும் நீள்வதுபோல் தோன்றுகிறது.

இரு செயல்களுக்கும் ஒரே சொல்லை ஆண்டவர் இவ்விடத்தில் ‘படக்கருவி நெருங்கிக்கொண்டே விலகுகிறது’ என்றே எழுத நேரும். அது முரண், வாசகர் பிழையென்றே கொள்வார். ‘படக்கருவி முன்னகர, வில்லை உருச்சுருக்குகிறது’ எனின் முரண் நீங்கும். ஒவ்வொரு வினைக்கும் உரிய எழுவாய் கிடைத்துவிடுகிறது.

எனவே டிராலிக்கு ‘நகர்வு’ என்பதும், ஜூமுக்கு ‘உருப்பெருக்கம்’, ‘உருச்சுருக்கம்’ என்பனவும் பொருந்தும். கண் காணும் விளைவைவிட, அதனை விளைவிக்கும் செயலைச் சுட்டுவதே இத்துறைக் கலைச்சொல்லுக்கு ஏற்றது.